பொதுப்பெயர் மருந்துகளும் அரசின் கொள்கையும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பொதுப்பெயர் மருந்து என்பது, ஒரு மருந்தை நிறுவனம் சூட்டிய வணிகப் பெயரால் அல்லாமல் அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரால் வழங்குவதாகும். மக்கள் வழக்கில் இதை ஜெனரிக் மருந்து என்கிறோம். பாரசிட்டமால் என்பது பொதுப்பெயர். குரோசின், கால்பால், டோலோ என்பவை அதே பாரசிட்டமாலுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வைத்த பெயர்கள். நான் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது, வீட்டில் காலியான மாத்திரை அட்டைகள் இரண்டை வகுப்புக்குக் கொண்டு சென்று, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்வேன். பெயர் வேறு, விலை வேறு, உள்ளிருக்கும் பொருள் ஒன்று என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். "அப்படின்னா ஏன் சார் விலை மட்டும் இப்படி?" என்ற கேள்வி தவறாமல் வரும். அந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு நேரம் போதாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என நீளும் தொழில் தடத்தைக் கார்களுக்கும் கைப்பேசிகளுக்கும் டயர்களுக்கும் உரியதாகவே பலர் அறிவார்கள். மருந்துக்கும் இந்தத் தடத்துக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்கச் சந்தைக்குச் சென்ற ஊசி மருந்துகள் இங்கே தயாராயின. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்தும் இங்கேதான் தயாரானது. இவ்விரண்டுக்கும் நடுவே, இங்குள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காசில்லாமல் மாத்திரை கிடைக்கிறது. அந்த மாத்திரை எந்த வழியாக வந்தது, மற்ற இரண்டும் ஏன் அந்த வழியில் வரவில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

காப்புரிமைச் சட்டமும் ஒரு சென்னை நீதிபதியும்

விடுதலைக்குப் பிறகும் இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்து 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அச்சட்டப்படி ஒரு மருந்துப் பொருளுக்கே காப்புரிமை பெற முடியும். பெற்றவர் இந்தியாவில் அதைத் தயாரிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்க முடியாது. 1950களின் இறுதியில் தொடங்கி, செனட்டர் கெஃபாவர் தலைமையில் அமெரிக்காவில் மருந்து விலைகளை ஆராய்ந்த குழு, மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் சேர்த்தது. ஏழை நாட்டில்தான் விலை அதிகம் என்ற முரண் அப்போது பலரை உறுத்தியது.

இந்தச் சட்டத்தை மாற்றி எழுத வழிகாட்டியவர், அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த என். ராஜகோபால ஐயங்கார். 1959இல் அவர் அளித்த அறிக்கை இன்றும் படிக்கத் தகுந்தது. இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவரிடம் இருந்தன என்றும், அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கே கொண்டுவரப்படவில்லை என்றும் அவர் சுட்டிக்காட்டினார். மருந்துகளைப் பொறுத்தவரை, பொருளுக்குக் காப்புரிமை கூடாது, செய்முறைக்கு மட்டுமே தரலாம் என்பது அவர் பரிந்துரை.

அதன் அடிப்படையில் 1970இல் நிறைவேறிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறைக்கான காப்புரிமைக் காலமும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகளாகச் சுருங்கியது. ஒரே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு வழி பிறந்தது. அதற்கு முன்பே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், ரிஷிகேஷிலும் ஐதராபாத்திலும் ஐ.டி.பி.எல். என அரசு ஆலைகள் வந்திருந்தன. சென்னை நந்தம்பாக்கத்திலும் ஐ.டி.பி.எல்.லின் அறுவைக் கருவி ஆலை இருந்தது. அவற்றில் வேலை கற்ற வேதியியலாளர்கள் சிலர் பின்னாளில் தனி நிறுவனங்களைத் தொடங்கினார்கள்.

சட்டம் விலையைக் குறைத்தது. ஆனால் பெயர் விஷயத்தில் அரசு தோற்றது. 1975இல் ஜெய்சுக்லால் ஹாத்தி குழு வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்றது. 1981இல் ஆஸ்பிரின், அனால்ஜின் உட்பட ஐந்தே ஐந்து மருந்துகளைப் பொதுப்பெயரில் மட்டும் விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஐந்து மருந்துக்கே இந்தக் கதி என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கை முன்னே நடந்தது

இந்த வரலாற்றில் இலங்கையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பேராசிரியர் சேனக பிபிலே ஒரு மருந்தியல் அறிஞர். 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின்படி அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவரானார். நாட்டில் விற்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து வகைகளைச் சில நூறுகளாகக் குறைத்தார்கள். இறக்குமதியைப் படிப்படியாகக் கூட்டுத்தாபனமே ஏற்று, உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரி, பொதுப்பெயரில் வாங்கியது. இலங்கைத் தமிழர்களுக்கு அறிமுகமான 'ஒசுசல' மருந்துக்கடைகள் இந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவையே.

1977இல் ஆட்சி மாறியது, திறந்த பொருளாதாரம் வந்தது, கூட்டுத்தாபனத்தின் தனியுரிமை தளர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐ.நா. பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் பிபிலே காலமானார். அதே 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. வங்கதேசம் 1982இல் இதே பாதையில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, தேவையற்றவையும் தீங்கானவையும் என ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைச் சந்தையிலிருந்து அகற்றியது.

பிபிலேயின் முறையில் ஒரு கருத்தைக் கவனிக்க வேண்டும். கடைக்காரரிடமோ நோயாளியிடமோ 'பொதுப்பெயரில் வாங்குங்கள்' என்று அவர் கெஞ்சவில்லை. வாங்குகிற இடத்தில் அரசே நின்றுகொண்டது. தமிழ்நாடு இருபது ஆண்டுகளுக்குப் பின் செய்ததும் இதையே.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

1990களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு ஒவ்வொரு இயக்ககமும் தனித்தனியே மருந்து வாங்கியது. ஓரிடத்தில் மருந்து காலாவதியாகிக் கிடக்கும், அடுத்த ஊரில் அதே மருந்து இருக்காது. சீட்டெழுதி "வெளியே வாங்கிக்கோங்க" என்று அனுப்புவது வழக்கம். அந்தச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போய், பத்து நாள் மாத்திரைக்குக் காசில்லாமல், அட்டையை வெட்டி நான்கு மாத்திரை மட்டும் வாங்கிவந்த பெற்றோர்களை என் வயதினர் பார்த்திருக்கிறோம். நான்கு நாளில் காய்ச்சல் நிற்கும், பிறகு திரும்பி வரும்.

கொள்முதலில் முறைகேடுகள் பற்றிய புகார்களும் எழுந்த பின்னணியில், 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் கொள்முதல் பணியைத் தொடங்கியது. இதன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றியவர் ஆர். பூரணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி.

கழகம் முதலில் செய்தது பட்டியலைச் சுருக்கியது. நூற்றுக்கணக்கான பெயர்களில் வாங்கிக்கொண்டிருந்ததை இருநூற்றுச் சொச்சம் அத்தியாவசிய மருந்துகளாகக் குறைத்தார்கள், அனைத்தும் பொதுப்பெயரில். பிறகு மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி. இடைத்தரகருக்கு இடமில்லை, தயாரிப்பவரே கலந்துகொள்ள வேண்டும். இரண்டு உறைகள் தர வேண்டும். முதல் உறையில் உற்பத்தி உரிமம், விற்றுமுதல், தயாரிப்புத் தரச் சான்று முதலியன. அதில் தேறியவரின் இரண்டாம் உறையை மட்டுமே பிரித்து விலையைப் பார்ப்பார்கள். மாநிலம் முழுமைக்குமான தேவையை ஒருவரே வாங்கும்போது விலை எப்படிச் சரியும் என்பதைக் கோயம்பேடு சந்தையில் மொத்தமாகக் காய் வாங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் என் கணிப்பில் கழகத்தின் உண்மையான சாதனை விலையில் இல்லை. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்து இறங்கியதும் உடனே மருத்துவமனைக்குப் போகாது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுக்கப்படும். அந்த மாதிரியில் தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண் இடப்பட்டு, பரிசோதனைக் கூடத்துக்குச் செல்லும். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை நீக்கி டம்மி எண் போட்டு எங்களிடம் திருத்தக் கொடுப்பார்களே, அதே ஏற்பாடு! தேறிய பிறகுதான் கிடங்கின் கதவு அந்தப் பேட்சுக்குத் திறக்கும். தேறாததைத் தயாரிப்பாளரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் தவறினால் கறுப்புப் பட்டியல்.

இன்னொன்று பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சுகாதார நிலையத்துக்கும் அதன் ஒதுக்கீட்டுத் தொகை வங்கிப் புத்தகம்போல் ஒரு பாஸ்புக்கில் வரவு வைக்கப்படும். மருத்துவ அலுவலர் தன் ஊரின் தேவைக்கேற்பக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வார், அந்த மதிப்பு கழியும். மழைக்காலக் காய்ச்சல் மிகுந்த ஊர் அதற்கான மருந்தை மிகுதியாக எடுக்கும், சர்க்கரை நோயாளிகள் மிகுந்த ஊர் மெட்ஃபார்மினை எடுக்கும். மேலிருந்து தள்ளுவதற்குப் பதில் கீழிருந்து கேட்டு வாங்கும் முறை இது. இணையம் பரவாத காலத்திலேயே கிடங்குகளின் இருப்பைக் கணினியில் பதிந்தார்கள். வெளியே கடத்தி விற்க முடியாதபடி அட்டையில் விற்பனைக்கு அல்ல என்ற எழுத்தும் வந்தது.

இதில் குறைகளே இல்லை என்று சொல்ல முடியாது. சில மருந்துகள் சில மாதங்களில் இல்லாமல் போவதுண்டு. பட்டியலில் இல்லாத புது மருந்துக்கு இன்றும் வெளியே சீட்டு எழுதப்படுகிறது. இருந்தாலும் கேரளமும் ராஜஸ்தானும் பிற மாநிலங்களும் இதைப் பார்த்துத் தத்தம் கழகங்களை அமைத்தன. ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் இத்தகைய கழகத்தின் மேல்தான் நிற்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

சென்னையில் நடந்த வழக்கு

உலக வணிக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் முறையை இந்தியா மீண்டும் ஏற்றது. ஐயங்கார் கட்டிய சுவரில் பெரிய கதவு திறந்தது. ஆனால் நாடாளுமன்றம் அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வைத்தது. அதுவே 3(டி) பிரிவு. பழைய மருந்தின் வடிவத்தைச் சற்று மாற்றி, நோய் தீர்க்கும் ஆற்றலில் முன்னேற்றம் இல்லாமல், புதிய காப்புரிமை கேட்க முடியாது என்பது அதன் சாரம்.

ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. கிளிவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் என்றும், இந்திய நிறுவனங்களின் பொதுப்பெயர் மருந்துக்கு சுமார் 8,000 ரூபாய் என்றும் அப்போது கணக்கிடப்பட்டது. 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று அதைத் தள்ளுபடி செய்தது. காப்புரிமை மறுப்பை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அதே பிரபா ஸ்ரீதேவன் பின்னர் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவரானார். பேயர் நிறுவனத்தின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க நாட்கோவுக்கு 2012இல் வழங்கப்பட்ட கட்டாய உரிமத்தை, 2013 மார்ச்சில் அந்த வாரியம் நிலைநிறுத்தியது. மாதம் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது.

எய்ட்ஸ் மருந்திலும் இதே கதைதான். மேலைநாடுகளில் ஓர் ஆண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன காலத்தில், 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று நம் தாம்பரம் சானடோரியம். ஒரகடத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவு.

இருங்காட்டுக்கோட்டை

சென்னையில் வளர்ந்த ஆர்க்கிட் நிறுவனம் 1992இல் தொடங்கப்பட்டு, ஆலத்தூரில் மருந்து மூலப்பொருள் தயாரித்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஊசி மருந்து ஆலை அமைத்தது. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் ஊசிகள் இங்கிருந்து அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன. அவையும் காப்புரிமை முடிந்த பொதுப்பெயர் மருந்துகளே. 1972இன் சட்டம் விதைத்ததன் விளைச்சல் அது. 2010இல் இந்த ஊசி மருந்துப் பிரிவை அமெரிக்காவின் ஹோஸ்பிரா சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. 2015இல் ஹோஸ்பிராவை ஃபைசர் வாங்கியது. 2019 ஜனவரியில், தேவை குறைந்துவிட்டது என்று கூறி, இருங்காட்டுக்கோட்டை ஆலையையும் ஔரங்காபாத் ஆலையையும் மூடப்போவதாக ஃபைசர் அறிவித்தது. இரண்டிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை பார்த்தனர்.

ஒரு நாட்டில் பொதுப்பெயர் மருந்து தயாராவது வேறு, அந்நாட்டு மக்களுக்கு அது கிடைப்பது வேறு என்பதற்கு இந்த ஆலை எடுத்துக்காட்டு. அதன் மதிற்சுவரை ஒட்டிக் குடியிருந்தவருக்கும் ஆன்டிபயாடிக் ஊசி அரசுக் கிடங்கின் வழியாகத்தான் வந்தது.

கடைகள்

நோயாளிகளில் பெரும்பகுதியினர் தனியாரிடமே போகிறார்கள். இந்தத் தடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வடமாநில இளைஞர்களும் ஷிஃப்ட் முடிந்து போவது, அந்த நேரத்தில் திறந்திருக்கும் கிளினிக்குக்கும் அதை ஒட்டிய மெடிக்கலுக்கும்தான். அவர்களுக்காக வந்தவை மலிவு மருந்துக்கடைகள். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008 நவம்பரில் அமிர்தசரஸில் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் தவழ்ந்து, 2023 நவம்பரில் 10,000 கடைகளைத் தொட்டது. தமிழ்நாட்டில் 2014இல் அம்மா மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன.

மருத்துவர் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்ற விதி 2016இல் திருத்தி வலியுறுத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கட்டாயமாக்கியது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. அதே மாதத்தில் விதி நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்ப்பில் சுயநலம் மட்டுமே இருந்தது என்று நான் நினைக்கவில்லை. 'பெயரை நான் எழுதாவிட்டால் கடைக்காரர் தேர்ந்தெடுப்பார். அவருக்கு எதில் லாபமோ அதைத்தான் தருவார். தரத்துக்கு யார் பொறுப்பு?' என்று அவர்கள் கேட்டார்கள். சாதாரணக் கடையில் விற்கும் ஜெனரிக் மாத்திரையின் அட்டையிலும் பிராண்டுக்கு நெருங்கிய விலையே அச்சாகியிருக்கக் காண்கிறோம். கொள்முதல் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளி அறிய வழியில்லை. அவர்கள் கேள்விக்கு அரசிடம் நல்ல பதில் இருந்திருக்க வேண்டும். குறியீட்டு எண் போட்டு ஒவ்வொரு பேட்சையும் சோதிக்கும் கழகத்தின் முறைதான் அந்தப் பதில். அது அரசுக் கொள்முதலுக்குள் நின்றுவிட்டது.

சுங்குவார்சத்திரம், 2025

2025 செப்டம்பர் தொடங்கி மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில், சளி, இருமலுக்கு மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சிரப், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தின் ஒரு சிறு ஆலையில் தயாரானது. மத்தியப் பிரதேச அரசு அக்டோபர் 1 அன்று தமிழ்நாட்டுக்குத் தகவல் தந்தது. தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை உடனே மாதிரி எடுத்துச் சோதித்தது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு, அந்த சிரப்பில் 48.6 விழுக்காடு இருந்தது. உற்பத்தி நிறுத்தப்பட்டு, அந்த மாதத்திலேயே உரிமம் ரத்தானது. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள்.

இந்த நச்சு நமக்குப் புதிதல்ல. 1972இல், காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே பொருள் கலந்த சிரப்பால் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மரணங்கள் நிகழ்ந்து, நீதிபதி லென்டின் ஆணையம் விசாரித்தது. சிரப்பில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற துணைப் பொருள்களில் இந்த மலிவான நச்சுத் திரவம் கலந்துவிடுவதுதான் திரும்பத் திரும்ப நடப்பது. மூலப்பொருளை ஆலை வாசலிலேயே சோதித்தால் தெரிந்துவிடும்.

'மலிவு மருந்து என்றால் இப்படித்தான்' என்று அப்போது பலர் பேசினார்கள். அது தவறான முடிவு. கோல்ட்ரிஃப் ஒரு வணிகப் பெயர். கிளினிக்கில் எழுதித் தரப்பட்டு மருந்துக்கடையில் வாங்கப்பட்டது. அட்டைப்பெட்டியில் அழகாக அச்சிட்ட பெயர் ஒரு குழந்தையையும் காக்கவில்லை. பாஸ்புக்கில் பதிந்து கிடங்கிலிருந்து வரும் சாதாரண அட்டை மாத்திரைக்குப் பெயரில்லை, ஆனால் சோதனை அறிக்கை இருக்கிறது.

அக்டோபர் முதல் வாரத்தில் மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு, ஒவ்வொரு பேட்சின் மூலப்பொருளும் துணைப் பொருளும் முடிந்த மருந்தும் சோதிக்கப்படுவதை உறுதி செய்யுமாறு எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. சட்டத்தில் அந்தக் கடமை அதற்கு முன்பும் தயாரிப்பாளருக்கு இருந்ததுதான்.